தேக்குத் தரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

அந்தக் கட்டடத்தை நான் எப்போதும் பிற்பகல் வெளிச்சத்தில்தான் நினைக்கிறேன். மழைக்காலம் முடிந்து, ரங்கூனில் குளிர் என்று நாங்கள் சொல்லிக்கொள்ளும் அந்த இரண்டு மாதங்களில், மூன்று மணிக்கு மேல் மேற்கு ஜன்னல்கள் வழியாக வெயில் சாய்ந்து உள்ளே வரும். மாடியில் இருந்த நடனக் கூடத்தின் தேக்குத் தரை அந்த நேரத்தில் தேன் நிறத்தில், ஆழமில்லாத ஒரு குளமாகக் கிடக்கும். கூரையிலிருந்து தொங்கிய சரவிளக்குகளை வெள்ளை மல் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அவற்றின் சாயல் தரையில் மேகம் மேகமாக விழும். தூரத்தில் ஆற்றில் ஒரு கப்பல் ஊதும். நான் நான்கு பக்கக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வெளிச்சத்தின் ஓரத்தில் நின்று, கப்பலில் வந்த வெள்ளைக்காரர்களுக்கு அந்த இடத்தின் கதையை ஆங்கிலத்தில் சொல்வேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது.

முதல் உலகப் போருக்கு முன்னால் அது ஜெர்மானியர்களும் அமெரிக்கர்களும் கூடிய கிளப். அரிசி ஏற்றுமதி செய்த ஜெர்மன் வியாபாரிகள் அதைக் கட்டினார்கள். வடக்கே எண்ணெய்க் கிணறு தோண்ட வந்த அமெரிக்கர்கள் ரங்கூனுக்கு இறங்கி வரும்போதெல்லாம் அங்கே தங்கினார்கள், பாடினார்கள், ஆடினார்கள். போர் வந்ததும் ஜெர்மானியர்களைச் சர்க்கார் பிடித்துக்கொண்டு போய்விட்டது. கட்டடம் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. கடைசியில் ஒரு அமெரிக்கத் துரைசானியின் பொறுப்பில் அதை விட்டார்கள். அவருடைய கணவர் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்தவர். அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். துரைசானி ஊர் திரும்பவில்லை. சனிக்கிழமை மத்தியானங்களில் கட்டடத்தைத் திறந்து, வருகிறவர்களை அறை அறையாக அழைத்துப் போய்க் காட்டும் ஏற்பாட்டைச் செய்தவர் அவர்தான். தெளிவாக ஆங்கிலம் பேசுகிற ஒரு பெண் வேண்டும் என்று நான் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் கேட்டார். என்னை அனுப்பினார்கள்.

எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான். அப்பா ரயில்வே யார்டில் பாயிண்ட்ஸ்மேன், தண்டவாளத்தை மாற்றிவிடுகிற வேலை. அம்மா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டாள். என்னை வளர்த்தது அக்கா. பதினாலு வயதில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மச்சானுக்கும் யார்டில்தான் வேலை. மிங்கலா தாங்ஞுன்ட் பக்கம் ரயில்வே லைனில், எங்கள் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி அவள் வீடு. தன் வீட்டு வேலையைப் போட்டுவிட்டுத் தினமும் காலையில் அவள்தான் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவாள். கேட்டுக்கு வெளியே நின்று, நான் உள்ளே போய் மறைகிறவரை பார்த்துவிட்டுத் திரும்புவாள். பத்து வருஷம் அப்படி நின்றவள், ஒரு நாளும் கேட்டைத் தாண்டியதில்லை.

கிளப்பில் எனக்குப் பிடித்தது நடனக் கூடம். துரைசானிக்கும் அதுதான் உயிர். அந்தத் தரையில் ஒரு ஆணி, ஒரு இடைவெளி கண்ணில் படாது. பலகைகளைப் பூ மாதிரி வட்டம் வட்டமாக இழைத்துப் பதித்து, மெழுகு தேய்த்திருந்தார்கள். அதன் மேல் யாரும் பூட்ஸ் காலோடு நடக்கக் கூடாது. மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு பிரம்புக் கூடையில் பன்னிரண்டு ஜோடிக் கம்பளிச் செருப்புகள் இருக்கும். ஜெர்மனியிலிருந்து வந்தவை, பூட்ஸுக்கு மேலேயே மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவு பெரியவை. அந்த வருஷங்களில் ரங்கூனில் காலில் என்ன இருக்கிறது என்பது பெரிய பேச்சாக இருந்தது. பெரிய பயா என்கிற புத்தர் கோயிலில் யாராக இருந்தாலும் படியிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும் என்று பலகை வைத்துவிட்டார்கள். கழற்ற மனமில்லாத வெள்ளைக்காரர்கள் கீழேயே நின்று பொன் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, அடுத்து என்ன பார்க்கலாம் என்று கேட்டு எங்களிடம் வந்தார்கள். வந்து, ஒரு வார்த்தை பேசாமல் கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். எப்போதாவது பர்மியர்களோ நம்மவர்களோ வந்தால், கீழேயே செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறுவார்கள். வெறுங்காலுக்குச் செருப்பு எதற்கு என்று துரைசானியும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லைன் குழாயடியில் அக்கா கேட்பாள்.

"நேத்து எத்தன பேருடி வந்தாக?"

"பதினாறு."

"அம்புட்டுப் பேருக்கும் நீயா பேசுனே? என்னதான் சொல்லுவே?"

நான் சொல்வேன். ஒரு நாள் அங்கே இருந்த குளிர்காயும் அடுப்பைப் பற்றிச் சொன்னேன். ஆள் உயரம், சுவரோடு சுவராகப் பச்சை ஓடு பதித்தது. கட்டடத்தின் வரைபடம் ஜெர்மனியில் போட்டது. அதில் அடுப்பு இருந்தது. அதனால் இங்கே கொத்தனார் அதையும் கட்டிவிட்டார்.

"இந்த ஊர்லயா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எதற்கும் ஒரு பேச்சு வைத்திருப்பவள் அவள். கன்னத்தில் பர்மாக்காரிகள் மாதிரி தனாக்கா மரச் சாந்து பூசி, நெற்றியில் காலணா அளவு குங்குமம் வைத்திருப்பாள். "இங்க வெந்து சாகுறது பத்தாதுன்னு அடுப்பு வேறயா? அதுல ஒரு நாளாச்சும் தீ வச்சானுகளா?"

"இல்ல. ஒரு நாளும் வைக்கலயாம்."

"பின்னே? பூனை குட்டி போட்டுருக்கும்."

குழாயடியே சிரித்தது. அப்படி வாரா வாரம் நான் ஒவ்வொரு அறையாகச் சொல்லி, கடைசியில் நடனக் கூடத்துக்கு வந்தேன். தரையைப் பற்றிச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. குடம் நிரம்பி வழிவதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

"எங்களயும் ஒரு நாளு கூட்டிக்கிட்டுப் போயேன், தாயி," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, இந்தத் தடவை விளையாட்டில்லாமல்.

"போவா," என்றாள் அக்கா. "பள்ளிக்கூடத்தத்தான் கேட்டு வரைக்கும் பாத்தேன். இதயாச்சும் உள்ள போயிப் பாக்கணும்ல."

அன்றைக்கு முடிவு செய்தேன். அக்காவை முன்வாசல் வழியாக அந்த வீட்டுக்குள் கூட்டிப்போய், அவள் எதிரில் நின்று நான் பேச வேண்டும். தமிழில் பேச வேண்டும்.

துரைசானியிடம் கேட்டேன். ஒரு வாரம் யோசித்தார். பிறகு என்னைக் கூடத்துக்கு அழைத்துப் போய், கிழக்கு ஜன்னல் பக்கம் குனிந்து ஒரு இடத்தைக் காட்டினார். நான்கைந்து சின்னக் கீறல்கள், அரிசி மணி நீளம்.

"போன வருஷம் ஒரு டாக்டர் தன் மனைவியோடு வந்தார். உங்கள் ஊர்க்காரர்தான். அந்த அம்மாள் வெறுங்காலோடுதான் நடந்தாள். விரலில் வெள்ளி வளையம் போட்டிருந்தாள்."

"மெட்டி," என்றேன்.

"உன் பெண்கள் எல்லோரும் அதைப் போட்டிருப்பார்களா?"

"கல்யாணம் ஆனவர்கள் போட்டிருப்பார்கள்."

"அரை மணி நேரம் கழற்றி வைக்க முடியுமா?"

நான் தயங்கவே இல்லை. "தாராளமாக," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல முறை யோசித்திருக்கிறேன். என் காலில் மெட்டி கிடையாது. எங்கள் ஜனங்கள் எதற்கும் தடை சொல்லாத, இணக்கமான ஜனங்கள் என்று அவர் நினைக்க வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம். அதோடு, ஆங்கிலத்தில் அது மிகச் சுலபமான பதிலாக இருந்தது. நாக்கில் எங்கும் தட்டாமல் வெளியே வந்துவிட்டது. அதே பதிலைத் தமிழில் சொல்லியிருந்தால் பாதியிலேயே நின்றிருப்பேன்.

"அப்படியானால் அடுத்த ஞாயிறு வரட்டும்," என்றார் துரைசானி. "ஒரு தடவை பார்ப்போம். தரையில் ஒரு கீறல் விழுந்தாலும் அதுவே கடைசி. தரை நன்றாக இருந்தால் மாதம் ஒரு ஞாயிறு அவர்களுக்குத் திறந்துவிடலாம்."

நான் இந்தக் கடைசி வார்த்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டு லைனுக்கு ஓடினேன். கீறல் விழுந்தால் கடைசி என்பதைச் சொன்னேன். மாதம் ஒரு ஞாயிறு என்பதைச் சொன்னேன். மெட்டியைப் பற்றி மட்டும் அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் லைன் பெண்கள் இருபத்து மூன்று பேர் வந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், ஆண்கள் சிலர் தூங்கவும் சிலர் யார்டுக்கு வேலைக்குப் போகவும், இவர்கள் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னி, பூ வைத்து, இருப்பதில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, தூங்குமூஞ்சி மரங்களின் நிழல் வழியே நடந்து வந்தார்கள். போர்ட்டிகோவின் வெள்ளைத் தூண்களுக்கு நடுவே நான் நின்றிருந்தேன். அக்கா முதல் படியில் காலை வைத்து ஒரு நொடி நின்றாள். யாராவது அதட்டுவார்கள் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. யாரும் அதட்டவில்லை. உள்ளே வந்தாள்.

கீழ்த்தளம் முழுக்கக் கல் தரை. அங்கே கவலை இல்லை. பத்திரிகை படிக்கும் அறையில் மான் கொம்புகள் வரிசையாக மாட்டியிருந்தன. ஒவ்வொன்றின் கீழேயும் சுட்டவன் பெயர். அதைச் சொன்னேன். "மானோட பேரு எங்க?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுக்காரி. மூடி போட்ட பீங்கான் குவளைகளைக் காட்டினேன். எதற்கு மூடி என்று என் காகிதத்தில் இல்லை. "ஈ விழாம இருக்கத்தான்," என்று அக்கா சொன்னாள், அதில் என்ன சந்தேகம் என்பது போல. நீளமான மரப் பாதையில் ஒன்பது கட்டைகளை நட்டு வைத்துப் பந்து உருட்டித் தள்ளுகிற அறைக்குப் போனோம்.

"தள்ளிட்டு?"

"மறுபடி நட்டு வைப்பாங்க."

"நட்டு வச்சிட்டு?"

"மறுபடி தள்ளுவாங்க."

"அடியாத்தி," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "நம்ம வீட்டுல நாம பாக்குற வேலதான். இவனுக அதுக்கு ஒரு வீடு கட்டிருக்கானுக."

அவர்கள் சிரிக்கச் சிரிக்க எனக்குக் குரல் தெளிந்துகொண்டே போனது. மாடிப்படியின் அடியில் வந்து நின்றோம். மேலேயிருந்து மஞ்சள் வெளிச்சம் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் அவர்கள் பக்கம் திரும்பி, பள்ளிக்கூட டீச்சர் சொல்கிற மாதிரிச் சொன்னேன்:

"மேல தரைல சட்டுன்னு கீறல் விழுந்துரும். அதனால எல்லாரும் மெட்டியக் கழத்தி இந்தத் தட்டுல வச்சிட்டு வாங்க. பத்திரமா இருக்கும்."

யாரும் அசையவில்லை. முதலில் அவர்களுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தேன். இன்னொரு தடவை சொல்ல வாயைத் திறந்தேன்.

"என்ன சொன்னே?" என்றாள் அக்கா.

"அரை மணி நேரந்தான்க்கா."

"அரை மணி நேரத்துக்கு ஒங்க மச்சான் செத்துக் கெடக்கணுமா?"

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு நாள் காதில் கேட்டுக்கொண்டிருக்காது. அங்கே நின்றவர்களில் பாதிப் பேருடைய கணவன்மார் அந்த நேரத்தில் யார்டில், நகர்கிற வண்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு பெட்டிகளுக்கு இடையில் புகுந்து கொக்கி மாட்டுகிற மனிதர்கள். மச்சானுக்கும் அன்றைக்கு வேலை. மெட்டியை எப்போது கழற்றுவார்கள் என்று அந்த லைனில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததை எங்கே வைத்தேன் என்றுதான் தெரியவில்லை.

"எழுத்துப் படிச்சா இதெல்லாம் அழிஞ்சு போயிருமோ?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அதில் கேலி இருந்தது, ஆனால் அவள் முகம் சிரிக்கவில்லை. "வாங்கடி போவோம். தரையப் பாத்து என்ன, அதுலயா சோறு தின்னப் போறோம்?"

அவர்கள் திரும்பினார்கள். மெட்டிகள் கல் தரையில் சின்னச் சின்னதாகச் சத்தம் போட, இருபத்து மூன்று பேரும் வாசலைப் பார்த்து நடந்தார்கள். அக்கா கடைசியாகப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

துரைசானி மாடியில், கூடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். நான் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி, கூடத்தின் குறுக்கே ஓடி, அவர் முன்னால் மூச்சிரைக்க நின்றேன்.

"நான் உங்களிடம் தப்பாகச் சொல்லிவிட்டேன்," என்றேன். "அவர்கள் அதைக் கழற்ற மாட்டார்கள். கணவன் இறந்தால்தான் கழற்றுவார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் முடியும் என்று சொன்னேன்."

துரைசானி தையல் வேலையை மடியில் இறக்கினார். தன் இடது கையைப் பார்த்தார். அந்த விரலில் கல்யாண மோதிரம் இருந்தது. கணவர் போய் ஏழெட்டு வருஷம் ஆகியும் அது அங்கேதான் இருந்தது.

"என்னை யாரும் இதைக் கழற்றச் சொன்னதில்லை," என்றார். மோதிரத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "சொல்லியிருந்தால் நான் அவர்களை மாதிரி அமைதியாகத் திரும்பிப் போயிருக்க மாட்டேன்," என்றார்.

ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. அவர் எழுந்து, கூடத்தில் ஒரு பக்கச் சுவரோரம் மட்டும் போட்டிருந்த சணல் விரிப்பின் மேலேயே நடந்து மாடிப்படிக்குப் போனார். பின்னால் நானும் போனேன். பிரம்புக் கூடையைப் பார்த்தபடி இருவரும் ஒரே சமயத்தில் நின்றோம். அதைக் காலால் என் பக்கம் தள்ளினார். "கேட்டுப் பார்," என்றார்.

அவர்கள் கேட்டைத் தாண்டவில்லை. மர நிழலில் ஒருத்தி குழந்தைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்துவிட்டாள். அவளுக்காக எல்லோரும் நின்றிருந்தார்கள். நான் கூடையைக் கீழே வைத்தேன்.

"மெட்டியக் கழத்த வேண்டாம். நான் சொன்னது தப்பு. இத மாட்டிக்கிட்டா போதும்."

அக்கா என்னைப் பார்க்காமல் கூடையைப் பார்த்தாள். குனிந்து ஒன்றை எடுத்து, திருப்பி, முகர்ந்து பார்த்தாள்.

"தோலா?"

"இல்லக்கா. கம்பளி. ஆட்டு ரோமத்த அழுத்திச் செஞ்சது."

"வீட்டுக்குள்ள செருப்புப் போட்டுக்கிட்டு நடக்குறதா?"

"இந்த வீட்டுல அதுதான் மரியாத."

அவள் யோசித்தாள். மற்ற எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். "ஆட்டு ரோமந்தானே," என்றாள் கடைசியில். "கம்பளில குத்தமில்ல." பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். "ஆனா நீ கேட்டது குத்தம். வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்."

"இது செருப்பா, ஓடமா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, தன் காலை ஒன்றுக்குள் விட்டு. "ரெண்டு பேரு ஏறலாம் போலருக்கு."

பன்னிரண்டு பேர் முதலில் போவது, அவர்கள் இறங்கி வந்ததும் மீதிப் பதினொரு பேர் என்று முடிவாயிற்று. மாடிப்படி முடிவில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டார்கள். நான் சுவரோர விரிப்பிலேயே ஒதுங்கி நின்று, காகிதத்தைப் பிரித்து, "இந்தக் கூடம்" என்று ஆரம்பித்தேன்.

அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. வெறும் பாதத்தில் அவ்வளவு பெரிய செருப்பைப் போட்டால் காலைத் தூக்கி வைக்க முடியாது; தூக்கினால் கழன்றுவிடும். இழுத்து இழுத்துத்தான் நடக்க வேண்டும். மெழுகுத் தரையில் இழுத்தால் கால் நிற்காது. முதல் அடியிலேயே அக்கா வழுக்கினாள். பக்கத்தில் இருந்தவளைப் பிடித்தாள். அவளும் சேர்ந்து வழுக்கினாள். இருவரும் விழாமல், நிற்காமல், வாயைத் திறந்தபடி கூடத்தின் நடுவரைக்கும் போய்விட்டார்கள். அங்கே போய் நின்றதும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

பிறகு எல்லோரும் போனார்கள். கையைக் கோத்துக்கொண்டு, நான்கு பேராக, இரண்டு பேராக, தனியாக. சத்தமே இல்லை. கம்பளி தரையில் உரசுவது மட்டும் தூரத்தில் மழை பெய்கிற மாதிரிக் கேட்டது. நீலச் சேலை, மஞ்சள் சேலை, மாம்பழ நிறத்தில் ஒன்று, அந்தத் தேன் வெளிச்சத்துக்குள் போய்ப் போய் வந்தன. தரைக்குள் தலைகீழாக இன்னொரு பன்னிரண்டு பேர் அவர்கள் பாதத்தோடு பாதம் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். சுவரில் இருந்த ஆளுயரக் கண்ணாடிகளிலும் அவர்களே. எங்கே பார்த்தாலும் எங்கள் லைன் பெண்கள், ஆயிரம் பேர் இருப்பார்கள் போல, காலை அசைக்காமல் மிதந்துகொண்டிருந்தார்கள். மல் துணிக்குள் சரவிளக்குகள் மெல்லக் கிணுகிணுத்தன.

"கப்பல்ல வந்தப்பகூட இப்பிடி இல்லடி," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கடந்து போகும்போது. "அப்ப பூரா வாந்தி."

அக்கா கூடத்தின் ஒரு கோடியில் சுவரில் முதுகைக் கொடுத்து நின்றாள். இரண்டு கையாலும் சுவரைத் தள்ளினாள். நேராக, மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு மறு கோடிவரை வந்தாள். அவளை நான் அடுப்படியில், குழாயடியில், பள்ளிக்கூடக் கேட்டில் பார்த்திருக்கிறேன். எந்த வேலையும் செய்யாமல் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போனதை அன்றுதான் பார்த்தேன். நான் மனப்பாடம் செய்த நான்கு பக்கமும் எனக்கு மறந்துபோயிருந்தது. இரண்டாவது கூட்டத்துக்கும் ஒன்றும் சொல்லவில்லை. துரைசானி வராந்தாக் கதவில் சாய்ந்து நின்றார். பாட்டு இல்லாமலே அவர் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்கு எல்லோரும் கீழே இறங்கி, போர்ட்டிகோவில் நின்றார்கள். தரையைப் பார்த்துவிட்டுத் துரைசானி என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ளாமல் போவதாக இல்லை. வெயில் இப்போது ஜன்னலின் அடிச்சட்டத்துக்கு இறங்கியிருந்தது. அந்த மாதிரிப் படுத்த வெளிச்சத்தில்தான் தரையின் ஒவ்வொரு குறையும் தெரியும் என்பது துரைசானிக்குத் தெரியும். நாங்கள் இருவரும் கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டோம். அவர் குனிந்து, சுவரோரத்திலிருந்து ஆரம்பித்து, மெதுவாக நடந்தார். கம்பளி தேய்த்துத் தேய்த்துத் தரை முன்னைவிட மினுமினுத்தது.

கூடத்தின் நடுவில் அவர் நின்றார். மண்டியிட்டார்.

மாடிப்படியிலிருந்து வராந்தாக் கதவுக்கு ஒரே நேர்கோட்டில் தழும்புகள் போயின. ஒவ்வொன்றும் சின்னப் பிறை வடிவம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நல்ல இடைவெளி. துரைசானி ஒன்றை விரலால் தடவினார். "கீறிவிட்டார்கள்," என்றார். கோபம் இல்லை. மிகவும் களைத்துப்போன குரல். "உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் நான் சொன்னது நினைவிருக்கிறதல்லவா?"

எனக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையில் நான் தேறியபோது அப்பா எனக்குப் பூட்ஸ் வாங்கித் தந்திருந்தார். சீக்கிரம் தேயக் கூடாது என்று குதிகாலில் பிறை வடிவில் இரும்பு லாடம் அடித்து வாங்கிவந்தார். சனிக்கிழமைகளில் அதன் மேல் கம்பளிச் செருப்பை மாட்டாமல் நான் ஒரு அடி வைத்ததில்லை. இன்றைக்கு ஓடியபோது மாட்டவில்லை.

துரைசானிக்கு அது தெரியாது. நான் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பது முழுதாக என் கண் முன்னால் வந்தது. நான் கீழே போய், முடியாதாம் என்று சொல்வேன். அவர்கள் சரி என்று போய்விடுவார்கள். அவர்களுக்கு அது பழக்கம். அடுத்த சனிக்கிழமை நான் வழக்கம்போல இங்கே நின்று ஆங்கிலத்தில் பேசுவேன். சொன்னால் இந்த வேலை போகலாம். ஓடியது யார் என்று தரையைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

கீழே பக்கத்து வீட்டுக்காரி எதையோ சொல்ல, எல்லோரும் சிரிப்பது கேட்டது.

நான் குனிந்து வலது காலின் கம்பளிச் செருப்பையும் அதற்குள் இருந்த பூட்ஸையும் கழற்றினேன். பூட்ஸைக் கையில் எடுத்து, அந்தத் தழும்பின் மேல் குதிகாலை மெதுவாக வைத்தேன். அச்சில் வார்த்த மாதிரிப் பொருந்தியது.

துரைசானி பூட்ஸைப் பார்த்தார். தழும்பைப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஓடிவந்தபோதா?"

"ஆமாம்."

"அவர்கள் போய்விடுவார்கள் என்று?"

"ஆமாம்."

வெளிச்சம் தரையை விட்டு நகர்ந்து சுவரில் ஏறியது. தழும்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அவர் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டார். "கீறல் விழுந்தால் அவர்களுக்கு அதுவே கடைசி என்றேன்," என்றார். "அவர்கள் கீறவில்லை. அவர்கள் வரட்டும்." பிறகு, "நீ இந்தத் தழும்பு போகிறவரை சனிக்கிழமை பேச வேண்டாம். மெழுகும் துணியும் தருகிறேன்," என்றார்.

கீழே போய்ச் சொன்னேன். முழுதும் சொன்னேன், பூட்ஸையும் சேர்த்து.

"மெட்டிக்குப் பயந்தாக," என்றாள் அக்கா, "லாடம் அடிச்சது அங்க நின்னுருக்கு."

நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, வழி நெடுக என் கையை விடவில்லை. வீட்டுக்கு வந்து பேசிக்கொள்வதாகச் சொன்னதை அவள் பேசவே இல்லை.

மெழுகு தேய்க்க ஆறு வாரம் ஆயிற்று. சனிக்கிழமைகளில் துரைசானியே பயணிகளை அழைத்து வந்து கதை சொன்னார். நான் மண்டியிட்டு, ஒரு ஓரமாகத் தேய்த்துக்கொண்டே கேட்டேன். நான் சொல்வதைவிட அவர் மோசமாகத்தான் சொன்னார். ஆறாவது வாரம் படுத்த வெளிச்சத்தில் குனிந்து பார்த்துவிட்டு, போதும் என்றார். இரண்டு இடத்தில் இன்னும் தெரிந்தது. அவர் அதைப் பார்த்ததும் எனக்குத் தெரியும்.

அன்றைக்கே கேட்டில் இருந்த பலகையைக் கழற்றி என் முன்னால் வைத்தார். அதில் ஆங்கிலத்தில் சனிக்கிழமை நேரம் எழுதியிருந்தது. கீழே ஒரு வரிக்கு இடம் இருந்தது. தூரிகையும் வெள்ளைச் சாயமும் கொடுத்து, "உன் மொழியில் எழுது," என்றார். நான் எழுதினேன்: மாதம் ஒரு ஞாயிறு பெண்களுக்கு. மெட்டியைக் கழற்ற வேண்டாம்.

அந்த மாதத்து ஞாயிறு முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். தாகேதாவிலிருந்துகூடச் சிலர் படகில் ஓடையைத் தாண்டி வந்திருந்தார்கள். பலகையை எல்லோரும் நின்று பார்த்தார்கள். அதைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் அந்தக் கூட்டத்தில் இல்லை. நான் வெறுங்காலோடு கேட்டில் நின்று, வருகிறவர் ஒவ்வொருவருக்கும் அதைப் படித்துச் சொன்னேன்.